அந்தக் கை யாருடையது

என் மச்சாள் தவநாயகி பத்தொன்பது வருடம் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்கியவர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அதுவும் அவருடைய முகத்துக்கு நேரேயே. அவர் கோபிக்கமாட்டார். "ஓம், கல்லுக்குத்தான் காவல். மனிசருக்குக் காவல் நிக்கிறதை விட நல்லது" என்பார்.

வேலை மத்திய லண்டனில் ஒரு நூதனசாலையில். வீடிருக்கும் ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறி, நீலக் கோட்டும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக ஒன்பதரைக்கு அங்கே நிற்க வேண்டும். சனம் எதையும் தொடாமல் பார்ப்பது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கை காட்டுவது, அழுதுகொண்டு திரியும் பிள்ளைகளைத் தாய்மாரிடம் சேர்ப்பது, இவ்வளவுதான் வேலை. அறைகளை மாற்றி மாற்றித்தான் கொடுப்பார்கள். அதில் கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை, பழைய ஐரோப்பியச் சிற்பங்கள் இருப்பது. கதவிடுக்கால் குளிர்காற்று விடாமல் வரும். அந்த அறை என்றாலே மற்றவர்களுக்கு முகம் சுழியும். மச்சாள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு சோடி காலுறை போட்டு நிற்பார். அந்தக் கல் அங்கேதான் இருந்தது.

நான் குடியிருக்கும் பிளேஸ்டோவிலிருந்து ஒருமுறை போய்ப் பார்த்தேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி அளவு. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடப் பழசாம். பிரான்சில் இடிந்துபோன ஒரு மடத்திலிருந்து யாரோ வியாபாரி கொண்டுவந்து விற்றதாம். ஓரத்தில் கயிறு முறுக்கிய மாதிரி வேலைப்பாடு. நடுவில் ஒரு பெண் குனிந்து நிற்கிறாள். உதட்டை இறுக்கி வாயைக் கோணலாக வைத்திருக்கிறாள். அவளுடைய வலது கை இன்னொரு கையைப் பிடித்திருக்கிறது. அந்த இடத்தில் கல் உடைந்து போயிற்று. கை மட்டும் இருக்கிறது, கைக்குரிய ஆள் இல்லை.

கீழே குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். துயருறும் தாய்; அவள் பிடித்திருப்பது இறந்த குழந்தையின் கை; கல்லின் மறுபாதி அழிந்துவிட்டது.

"செத்த பிள்ளை இப்பிடி இறுக்கிப் பிடிக்குமோ?" என்று மச்சாள் என் காதுக்குள் கேட்டார். "அந்தப் பெருவிரலைப் பாரும் றூபினி. அவ பிடிச்சிருக்கிறா எண்டால் மற்றதும் எல்லே பிடிச்சிருக்கு."

பார்த்தேன். உண்மைதான், அந்தக் கை பெண்ணின் மணிக்கட்டைச் சுற்றி விரல்களை அழுத்திக்கொண்டிருந்தது. இருந்தாலும் எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. பசித்தது. வா போவோம் என்றேன்.

மச்சாளுக்கு அது ஒரு முள் மாதிரி. ஒரு நாளைக்கு நாலு பேராவது வந்து, அந்தக் கை யாருடையது என்று கேட்பார்கள். காவல் நிற்பவர்கள் குறிப்பில் உள்ளதை மட்டுமே சொல்லலாம் என்பது சட்டம். செத்த பிள்ளையின் கை என்று மச்சாள் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் நெஞ்சில் கைவைத்து ஐயோ என்பார்கள், சிலர் அழுதும் இருக்கிறார்கள். "தெரியாத ஒண்டைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிச் சம்பளம் வாங்குறன்" என்று அவர் அண்ணையிடம் சொல்லிக் குறைப்படுவார். என் அண்ணை பாலேந்திரா, அதாவது அவருடைய மனுசன், "சம்பளம் வருதெல்லே, பேந்தென்ன?" என்று டிவியைப் பார்த்தபடி சொல்லுவார். ஒருமுறை மச்சாள் துணிந்து அந்தப் பகுதிக்குப் பொறுப்பான படித்த பெண்ணிடமே பெருவிரல் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா "சுவாரசியமாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

மச்சாள் அதிகம் பேசாதவர். கலியாண வீடுகளில் ஒரு மூலையில் இருப்பார். எங்களுக்குள் ஒரு முடிவு இருந்தது: மனுசிக்கு ஏதோ உள்ளே கிடக்கிறது, ஊரில் யாரையோ பறிகொடுத்த துக்கம், அதுதான் இந்தக் கல்லோடு இப்படி. ஒருநாள் நான் பக்குவமாகக் கேட்டும் பார்த்தேன். எரிந்து விழுந்தார்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு செத்தவீடு வேணும். எனக்கு அந்தக் கை ஆரின்ர எண்டு தெரியோணும். அவ்வளவுதான்!"

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிரெஞ்சுக் கிழவர் அந்த அறைக்கு வந்தார். கல்லுக்கு முன்னால் கால் மணித்தியாலம் நின்றார். பிறகு மச்சாளிடம் உடைந்த ஆங்கிலத்தில், இதே கயிற்று ஓரத்தோடு ஒரு கல்லைத் தன் மனைவியின் கிராமத்துப் பக்கம், காட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு தேவாலயத்தின் சுவரில் கண்டதாக ஞாபகம் என்றார். அந்தக் கல்லில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, அறுபது வருடம் ஆகிவிட்டது, இருட்டு, ஞாபகமில்லை என்றுவிட்டார். கிராமத்தின் பெயரை மட்டும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். மொந்தர்னே.

துண்டை மச்சாள் பொறுப்பான அம்மாவிடம் காட்டினார். இதுவும் சுவாரசியமாக இருந்ததாம். பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

இந்த வருடம் செப்டெம்பரில் அவருக்கு ஓய்வு. ஜனவரியிலேயே வீட்டில் அறிவித்துவிட்டார்: ஜூனில் விடுமுறை, மொந்தர்னேக்கு. "அதெங்க? கனடாவிலயோ?" என்றார் அண்ணை. எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் கனடாவில் ஒரு கலியாணம், இல்லாவிட்டால் பாரிசில் ஒரு கலியாணம். பிரான்ஸ் என்றால் பாரிஸ், பாரிஸ் என்றால் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல். அதற்கு வெளியே அந்த நாட்டில் காடும் வயலும் இருக்கிறதென்பதை நாங்கள் ஒரு தகவலாகத்தான் வைத்திருந்தோம்.

மச்சாள் ஒற்றைக் காலில் நின்றார். மகள் கம்சிகா இணையத்தில் தேடி, பாரிசிலிருந்து முன்னூறு கிலோமீற்றர் தெற்கே அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டை ஐந்து நாளுக்கு எடுத்தாள். நான் நாலாவது ஆள். கிராமத்திலிருந்து ஏழு கிலோமீற்றரில் இடிந்த மடமும் தேவாலயமும். தேவாலயப் பூட்டின் திறப்பு ஊர்க் கவுன்சில் கந்தோரில். கந்தோர் கிழமையில் இரண்டே நாள், செவ்வாயும் சனியும், காலையில் மட்டும். நாங்கள் புதன் இரவு போய் ஞாயிறு திரும்புவது. ஆக, சனிக்கிழமை ஒன்றுதான்.

"பாரிசில ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்று மச்சாள் எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறை. காரணம் எங்களுக்குத் தெரியும். பிரான்சில் கால் வைத்துவிட்டு அங்கேயிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் வந்தால் அது பத்து வருடத்துக்குக் கதைக்கப்படும். போனாலோ, ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்ற வீட்டில் சாப்பிடாவிட்டால் அது வேறு கோபம்.

நான்தான் சொன்னேன். சித்தப்பாவின் மகன் தவராசா பாரிசில் இருக்கிறான். மே மாதம் அவன் மனைவியோடு தொலைபேசியில் கதைத்தபோது வாய் தவறி வந்துவிட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். வாய் தவறவில்லை. அவர்களுடைய பேத்திக்கு ஜூன் மாதம் அதே சனிக்கிழமை சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. அறுநூறு பேர், பெரிய மண்டபம், பல்லக்கு. நான் தீபாவளிக்கு வாங்கிய ஊதாக் காஞ்சிபுரம் இன்னும் மடிப்புக் கலையாமல் கிடந்தது. இவ்வளவுதான் என் நியாயம். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மொந்தர்னே சின்ன ஊர். ஒரு தெரு, ரொட்டி சுடும் ஒரு பாண் கடை, ஒரு கோபுரம் இடிந்த கோட்டை. வியாழக்கிழமை மச்சாள் விடிய எழும்பி எங்களையும் எழுப்பினார். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் கூடித் துணி துவைத்த ஒரு கல் தொட்டி, மேலே ஓடு போட்ட கூரையோடு அப்படியே இருந்தது. தண்ணீர் இன்னும் ஓடுகிறது. மச்சாள் குனிந்து, துணி அடித்த கல்லின் தேய்ந்த விளிம்பைத் தடவினார். "முழங்கால் வைக்கிறதுக்கும் பள்ளம் விழுந்திருக்குப் பாரும்" என்றார். அண்ணை செல்பி எடுத்தார். கோட்டைக்குப் போக நூற்றுப் பதினொரு படி. மச்சாள் எண்ணிக்கொண்டே ஏறினார். நான் முப்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே நின்று பார்த்தால் எல்லாப் பக்கமும் திராட்சைத் தோட்டம், நேர்நேராகக் கோடு போட்டு நட்டது, அதற்கப்பால் கருத்த காடு என்று கம்சிகா வந்து சொன்னாள். மச்சாள் அந்தக் காட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணையின் போனுக்குத் தவராசா எடுத்தான். அண்ணை "ஓம் ஓம், வராமல் இருப்பமே" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

குசினியில் அண்ணை விசயத்தைச் சொன்னார். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டால் பத்தரைக்கு மண்டபம். பின்னேரம் திரும்பலாம்.

"நான் வரேல்லை" என்றார் மச்சாள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நிற்கவில்லை.

"என்னப்பா சொல்லுறீர்? பிரான்சில நிண்டுகொண்டு போகாமல் விட்டால் சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும்."

"ஒரு கல்லுக்காகவோ?"

"ஓம். கல்லுக்காகத்தான்."

"அது எண்ணூறு வருசம் அங்கதானே இருக்கு. ஓடியே போகப் போகுது? அடுத்த வருசம் வருவம்."

"செப்டெம்பரோட எனக்கு வேலை முடியுது. பேந்து தெரிஞ்சு நான் ஆருக்குச் சொல்லுறது? உங்களுக்கோ?"

அண்ணைக்குக் கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடமாக எல்லாக் கொண்டாட்டத்துக்கும் தான் தனியே போய் முகம் கொடுப்பதாகவும், மனுசி எங்கே என்று கேட்டால் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாகவும் கத்தினார். மச்சாள் வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். "இந்த முறை பொய் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கோ" என்றார். அண்ணை கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனார். ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரப் பத்து நிமிடம் போதும், அவ்வளவு சின்ன ஊர். ஆனபடியால் கோபம் ஆறுமுன்பே திரும்பி வந்துவிட்டார்.

அவர்களுக்குள் ஒரு தீர்ப்பும் வரவில்லை. கார் போனால் மச்சாளுக்கு வாகனம் இல்லை. அந்த ஊரில் பஸ்ஸும் இல்லை. "அம்மா, நான் நிக்கட்டே?" என்று கம்சிகா கேட்டாள். "நீ கொப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. அவருக்கு வலப்பக்கம் கார் ஓடத் தெரியாது. எனக்குக் கால் இருக்கு" என்றார் மச்சாள்.

சனி காலை ஐந்தரைக்கே நான் ஊதாக் காஞ்சிபுரத்தைச் சுற்றி, ஊசி குத்தி, தலை பின்னிக்கொண்டிருந்தேன். மச்சாள் வாசலில் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பை. அதற்குள் தண்ணீர், ஒரு நீளப் பாண், சுருட்டிய மெல்லிய கடதாசி. கந்தோர் திறக்க இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அதற்குள்ளேயே சப்பாத்துப் போட்டுக்கொண்டு, மடியில் பையை வைத்தபடி கதிரையில் நேராக இருந்தார். என்னைப் பார்த்து, "சீலை நல்லா இருக்கு றூபினி" என்றார். அவருக்கு நான் செய்தது தெரியும். அவர் முகத்தில் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

கார் ஹோன் அடித்தது. நான் போய், எனக்குத் தலையிடி, நீங்கள் போங்கோ என்றேன். வந்து சேலையைக் கழற்றி எறிந்துவிட்டுக் காற்சட்டை போட்டேன்.

"பாவம் பாத்து ஒருத்தரும் என்னோட வரத் தேவையில்லை" என்றார் மச்சாள்.

"பாவம் பாக்கேல்லை. உங்களுக்குச் செய்த வேலைக்கு நடந்து கழிக்கப் போறன்."

"ஏழு கிலோமீற்றர் போக, ஏழு வர. தெரியும்தானே?"

கந்தோரில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இருந்தார். ஆங்கிலம் ஒரு சொல் இல்லை. மொழிபெயர்க்கவும் ஆள் எங்கள் குடும்பத்தில்தான். தவராசாவின் மகன் யதுசனுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். அவன்தான் அன்றைக்குத் தாய்மாமன். பின்னால் மேளக்காரர் தட்டிப் பார்க்கும் சத்தம்.

"மாமி! எல்லாரும் வந்துகொண்டிருக்கிறியளோ?"

"அதைப் பேந்து சொல்லுறன். இந்த மனுசியோட கதை. காட்டுக் கோயிலின்ர திறப்பு வேணும்."

அவன் பிரெஞ்சில் கதைத்தான், பெண்மணி கதைத்தார், மேளம் கதைத்தது. நடுவில் யாரோ அவனிடம் பலூனுக்குக் காற்றடிக்கும் பம்ப் எங்கே என்று கேட்டார்கள். கடைசியில், "மாமி, திறப்பு தருவாவாம். ஆனால் முந்தி ஆரோ வெளியாள் கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கேல்லையாம். அதாலை பாஸ்போட்டை அங்க வைச்சிட்டுத்தான் கொண்டுபோகலாமாம்" என்றான்.

நான் மச்சாளின் கையைப் பிடித்தேன். எங்கள் தலைமுறைக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாஸ்போட்டை யாரிடமும் கொடுக்கக்கூடாது. மச்சாள் எண்பத்தொன்பதில் ஊரைவிட்டு வரும்போது ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான். நாலு மாதம் ஒன்பது பேரோடு ஒரு அறைக்குள் கிடந்தவர். லண்டனில் பாஸ்போட் கிடைத்த நாளிலிருந்து, கோட்டல் வரவேற்பில் கேட்டால்கூடத் தன் கையில் பிடித்தபடிதான் காட்டுவார். பாதுகாப்புக்கு அண்ணை தன் பையில் வைக்கிறேன் என்றாலும் விடமாட்டார்.

"வேண்டாம் மச்சாள். என்ரையைக் குடுக்கிறன்."

"உமக்குத் தெரிய வேண்டியதோ எனக்குத் தெரிய வேண்டியதோ?" என்றார். கைப்பையின் உள்ளறைச் சிப்பை இழுத்துத் திறந்தார். பாஸ்போட்டை மேசையில் வைத்தார். வைத்த கை உடனே எழும்பவில்லை. கண்ணாடிக்காரப் பெண்மணி பொறுமையாக இருந்தார். பிறகு மச்சாள் கையை எடுத்தார். ஒரு சாண் நீள இரும்புத் திறப்பு எங்களிடம் வந்தது. பெண்மணி ஒரு தாளில் தன் வீட்டுக்கு வழி வரைந்து, பின்னேரம் அங்கே கொண்டுவரும்படி யதுசன் மூலம் சொன்னார். "பெரியம்மா, நீங்கள் இஞ்ச வரப்போறேல்லை, என்ன?" என்று அவன் கேட்டான். "இல்லை ராசா. பிள்ளைக்கு என்ர ஆசீர்வாதத்தைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மச்சாள் நடக்கத் தொடங்கினார்.

வழி நல்ல வழி என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி. காய் அப்போதுதான் மிளகு அளவில் பிடித்திருந்தது. சந்திகளில் பாசி பிடித்த கல் சிலுவைகள். ஒரு பண்ணை வீட்டுப் புறாக் கோபுரம், உள்ளே நூறு நூறு பொந்து. எனக்கு மூன்றாவது கிலோமீற்றரிலேயே குதிக்கால் உரிந்துவிட்டது. அறுபத்தாறு வயது மச்சாள், நாள் முழுக்க நின்றே பழகிய காலோடு, ஒரே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருந்தார். ஒரு நாய் மறித்துக் குரைத்தது. "தள்ளு" என்றார் தமிழில். தள்ளிப் போயிற்று. காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தவறான பக்கம் போய், அரை மணி நேரம் வீணாகித் திரும்பினோம். நான் ஒரு மரத்தில் சாய்ந்து, இனி ஏலாது என்றேன். "நீர் இரும். வரேக்க கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பியும் பார்க்காமல் போனார். காட்டுக்குள் தனியே இருப்பதைவிடக் கால் வலி பரவாயில்லை என்று பின்னால் ஓடினேன்.

மடம் என்று ஒன்று இல்லை. இடுப்பளவு சுவர்கள், நடுவில் மரம் முளைத்திருந்தது. தேவாலயம் மட்டும் கூரையோடு நின்றது. திறப்பு சுற்றவில்லை. மச்சாள் இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்துத் திருப்பினார். உள்ளே ஈரமணம், புறா எச்சம், ஒன்றும் தெரியாத இருட்டு. போன் வெளிச்சத்தோடு சுவர் சுவராகப் பார்த்தோம். பீடத்துக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், மற்றக் கற்களோடு கல்லாக வைத்துக் கட்டியிருந்தார்கள். கயிறு முறுக்கிய ஓரம்.

மச்சாள் முழங்காலில் இருந்தார். பையிலிருந்து அந்த மெல்லிய கடதாசியை விரித்தார். அப்போதுதான் எனக்கு அது என்னவென்று தெரிந்தது. லண்டன் கல்லின் உடைந்த விளிம்பை, சாப்பாட்டு இடைவேளைகளில், தொடாமல், கண்ணால் அளந்து, அவரே வரைந்து வெட்டியது. எத்தனை தரம் திருத்தினாரோ, பென்சில் கோட்டுக்கு மேல் கோடு. சுவரில் இருந்த கல்லின் விளிம்போடு அதைப் பிடித்தார். ஒரு இடத்தில்கூட விலகவில்லை.

"வெளிச்சத்தைக் கிட்டப் பிடியும்."

பிடித்தேன். மணிக்கட்டிலிருந்து ஒரு புயம் போனது, தோள் வந்தது, பிறகு முகம். குழந்தை இல்லை. இன்னொரு பெண். நல்ல கொழுத்த பெண். மல்லாக்க விழுந்து கிடக்கிறாள். ஒரு கால் வானத்தைப் பார்க்கிறது. பக்கத்தில் கூடை கவிழ்ந்து, திராட்சைக் குலைகள் அவள் வயிற்றிலும் தலையிலும் சிதறிக் கிடக்கின்றன. வாயை ஆவென்று திறந்து, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறாள். ஒரு கையால் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்க்கிறாள்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. லண்டனில் நிற்கிறவள் அழவில்லை. தூக்கிவிடும்போது சிரிப்பு வந்துவிடக்கூடாதே என்று வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"முந்திரிகைக் குலை ஆயப் போன இடத்தில வழுக்கி விழுந்திட்டாள்!" என்றார் மச்சாள்.

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கியது, பிறகு வாய்விட்டு. நான் எங்கள் குடும்பத்தில் முப்பத்தைந்து வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருந்ததென்பது எனக்குத் தெரியாது. தரையில் குந்தி, சுவரில் முதுகைக் கொடுத்து, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தார். "எத்தினை சனம் அழுதது றூபினி! எத்தினை சனம்!" எனக்கும் தொற்றிக்கொண்டது. கலியாண வீட்டு மூலையில் இருந்த ஒருத்தியைப் பார்த்துத் துக்கம் என்று நாங்களாகவே எழுதி ஒட்டி வைத்திருந்தோமே என்று நினைக்க, சிரிப்புக்குள் எனக்கு அழுகையும் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடித்திருப்பார்.

போன் அடித்தது, அண்ணை. பின்னால் நாதஸ்வரம்.

"எல்லாரும் உம்மைத்தான் கேக்கினம். கடும் காய்ச்சல் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"காய்ச்சல் இல்லை எண்டு சொல்லுங்கோ. கல்லுப் பாக்கப் போனவ, கண்டிட்டா எண்டு சொல்லுங்கோ."

"என்னவாம்?" என்றார் அண்ணை. அவருக்கும் அறியும் ஆசை இருந்திருக்கிறது. மச்சாள் சொன்னார். அண்ணை சிரித்ததும், பக்கத்தில் யாருக்கோ திருப்பிச் சொன்னதும் கேட்டது.

அதற்கு மேல் எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். பாஸ்போட் பத்திரமாகத் திரும்பி வந்தது. என் கால் ஒரு கிழமை வீங்கியிருந்தது. மச்சாள் படங்களையும் கடதாசி அச்சையும் நூதனசாலையின் பொறுப்பான அம்மாவுக்கு அனுப்பினார். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது: மிகவும் சுவாரசியம், நன்றி, குறிப்புகள் அடுத்த முறை மீளாய்வு செய்யப்படும்போது கவனத்தில் எடுக்கப்படும். அது எப்போது என்று கேட்டதற்கு, மூன்று அல்லது நாலு வருடத்தில் என்றார்கள்.

மச்சாள் காத்திருக்கவில்லை. ஜூலையிலிருந்து யார் கேட்டாலும், முதலில் குறிப்பில் இருப்பதைச் சொல்லி, பிறகு தான் கண்டதைச் சொன்னார். யாரோ மேலிடத்தில் போட்டுக்கொடுத்தார்கள். காவலர்கள் குறிப்பை விட்டு விலகக்கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. ஓகஸ்ட்டில் இரண்டாவது கடிதம். "பேசாமல் இருங்கோ மச்சாள், இன்னும் ஒரு மாதம்தானே" என்றேன். "ஒரு மாதம்தான் இருக்கு. அதாலைதான் பேசுறன்" என்றார். செப்டெம்பர் கடைசியில் கேக் வெட்டி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டை கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

ஒக்டோபர் முதல் செவ்வாய், பதினொரு மணிக்கு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நீலக் கோட்டு இல்லை. நல்ல பச்சைச் சேலை, அதன்மேல் குளிர்ச் சட்டை. அங்கே நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. குளிர் அறையில் கல்லுக்கு முன்னால் ஒரு தம்பதி குறிப்பை வாசித்து, அந்த மனுசி நெஞ்சில் கைவைக்கப் போகும் நேரம். மச்சாள் போனைத் திறந்து, "இதையும் ஒருக்கால் பாருங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பார்த்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். திரும்பப் போனைப் பார்த்தார்கள். மனுசன்தான் முதலில் சிரித்தார்.

சத்தம் கேட்டு அவருடைய பழைய மேலாளர் வந்துவிட்டார், கடிதம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர். நல்ல மனிதர்தான், முகம் சங்கடப்பட்டது.

"தவா, குறிப்பில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும். பத்தொன்பது வருடம் அதைத்தான் சொன்னேன். இப்போது எனக்கு நீங்கள் சம்பளம் தருவதில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன்" என்றார் மச்சாள்.

பிறகு அந்தத் தம்பதியின் பக்கம் திரும்பி, விழுந்து கிடப்பவளின் காலைப் பெரிதாக்கிக் காட்டினார். அவர் இப்போதும் எல்லாச் செவ்வாய்க்கிழமையும் போகிறார்.